ஒரே மாதத்துக் கர்ப்பிணிகள்

கர்ப்பிணிகளைக் கவனிக்கும் வேலையில், குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் இனிப்பு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போகும்; ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி மட்டும் கிராமத்து நர்ஸைத் தேடி வரும். இந்த வேலையில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வாசலில் நின்று அந்தக் கேள்விகளை வாங்கியிருப்பீர்கள்.

நான் புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில், செலியமேட்டுப் பக்கம் ஒரு சுகாதார சப்-சென்டரில் நர்ஸாக இருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இனிமேல் கர்ப்பிணிகளை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருத்தராகப் பார்த்து அனுப்ப வேண்டாம். ஒரே மாதத்தில் பிரசவமாகப் போகிறவர்களைக் குழுவாகச் சேர்த்து வட்டமாக உட்கார வையுங்கள். எடையும் பிரஷரும் அவர்களே பார்க்கட்டும். நீங்கள் ஒரு மூலையில் திரை கட்டி வயிற்றைப் பாருங்கள். மீதி நேரமெல்லாம் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள் என்றார்கள். கேட்பது சுலபமான வேலை என்று பயிற்சி கொடுத்தவர் நினைத்திருந்தார் போலிருக்கிறது.

அப்படிச் சேர்த்த ஒரு குழுவைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதிலும் நான்கு பெண்களைப் பற்றி மட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்காலி போட்ட நாள்

முதல் கூட்டத்துக்கு நானும் அங்கன்வாடி டீச்சர் முத்துலட்சுமியும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்தோம். பெண்கள் வந்தார்கள். ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் கதவுப் பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் நான் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன செய்வது?

ஊர்த்தெருப் பெண்களில் சங்கீதா என்று ஒருத்தி. பி.காம். படித்தவள், இது தலைப்பிரசவம், கணவனுக்குச் சென்னையில் வேலை. அவளோடு மாமியாரும் வந்து உள்ளே நுழையாமல் கதவில் சாய்ந்து நின்றார். பிரஷர் பார்க்கும் மெஷினைக் கைக்குக் கை மாற்றச் சொன்னேன். காலனியைச் சேர்ந்த ஜெயந்தி தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, பட்டையை நன்றாக உதறி சங்கீதாவிடம் நீட்டினாள். சங்கீதாவும் கையை நீட்டினாள். ஆனால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் அவள் கை பாதியில் நின்றுவிட்டது. மாமியார் கோபமாகக்கூடப் பேசவில்லை. காய்கறிக் கடையில் விலை கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்: "அவங்க கையில சுத்துன அதே துணியத்தான் எங்க பொண்ணு கையிலயும் சுத்துவிங்களா சிஸ்டர்?"

சாப்பாட்டுப் படம்

இரண்டாவது கூட்டத்துக்கு சங்கீதா வந்தாள், மாமியார் வரவில்லை. அன்றைக்குத் தலைப்பு சாப்பாடு. எங்களுக்குக் கொடுத்திருந்த பெரிய வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டினேன். கீரை, முட்டை, பால், மீன், பேரீச்சம்பழம், ஆரஞ்சு எல்லாம் அதில் பளபளவென்று இருந்தன. உங்களிடமும் அந்தப் படம் இருக்கும். அதை மாட்டும்போது ஒரு கூச்சம் வருமே, அது எனக்கும் வந்தது.

ஜெயந்தி எடை மெஷினில் ஏறி நின்றாள். போன மாதம் காட்டிய அதே எடை. களை எடுக்கப் போகிறவள், ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய், வாய் ஓயாமல் பேசுகிறவள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். எல்லாம்தான் சாப்பிடுறேன் என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை. முதலில் யார் சாப்பிடுவார்கள், அப்புறம் யார், முட்டை வாங்கினால் யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கேட்கிறவர்கள் வீட்டிலும் அதே வரிசைதான் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் படத்தைக் காட்டி மறுபடியும் ஆரம்பித்தேன். ஜெயந்தி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சட்டிய வழிக்கிறவகிட்ட இந்தப் படத்தக் காட்டி இன்னா பண்றது? மொதல்ல சோறு போட்டுக்கிறவங்களக் கூப்ட்டு உக்கார வச்சி காட்டுங்க."

வழுக்குகிற பாத்ரூம்

பவானி எங்கள் குழுவிலேயே சின்னவள். செல்லிப்பட்டிலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருப்பதே தெரியாது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான் போட்டிருப்பாள். பிரஷர் பட்டை கட்ட வேண்டுமானால் கையைச் சுருட்ட வேண்டும் அல்லவா? ஒருநாள் அவள் சுருட்டத் தயங்கியதும், பக்கத்திலிருந்த ஆரோக்கியமேரி உதவி செய்கிற நினைப்பில் சட்டென்று கையை மேலே தள்ளிவிட்டாள். தோளுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக, விரல் விரலாகப் பதிந்திருந்தது.

தனியாகப் பார்த்திருந்தால் நான் மெதுவாகக் கேட்டிருப்பேன். இங்கே எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பவானி கையை இழுத்துக்கொண்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். ஆரோக்கியமேரி மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகத் தவறாதவள். ஒரு மூத்த பெண் குழந்தை உண்டு. எல்லாருக்கும் தைரியம் சொல்கிறவள் அவள்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் பவானியின் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எங்க வூட்லயும் அந்த பாத்ரூம் இருக்கு."

கணவர்கள் வந்த நாள்

ஒரு கூட்டத்துக்குக் கணவர்களையும் அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அழைத்தோம். பெரும்பாலோர் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஆரோக்கியமேரியின் கணவன் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஜெயந்தியின் கணவர் வந்தார். வந்து உட்கார்ந்தவர் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார். விடியற்காலையிலிருந்து லோடு இறக்கியவர், எழுப்ப மனசு வரவில்லை.

பவானியின் கணவன் வந்திருந்தான். செல்போன் கடையில் வேலை, இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. அன்றைக்கு வந்தவர்களில் நல்ல கேள்விகள் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அவளுக்கு எந்தப் பக்கம் படுப்பது நல்லது, ஸ்கூட்டரில் உட்கார வைக்கலாமா என்றெல்லாம் கேட்டான். முத்துலட்சுமிக்கு விஷயம் தெரியாது. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கூட்டம் முடிந்து அவன் வண்டி எடுக்கப் போன நேரத்தில், மாத்திரை வாங்குகிற சாக்கில் பவானி என் மேஜைக்கு வந்தாள். "வெளியில அவரு இப்படித்தான் சிஸ்டர். அதான் எங்க அம்மாகூட என்னை நம்ப மாட்டேங்குது."

பால் சொசைட்டியில் பார்த்த முகம்

ஏழாம் மாதத்துக்குப் பிறகு சங்கீதா வரவில்லை. விசாரித்தால், டவுனில் பிரைவேட்டில் காட்டிக்கொள்கிறோம் என்று மாமியார் போனிலேயே சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்குப் போனேன். தூங்குகிறாள் என்று கேட்டுக்கு உள்ளிருந்தே பதில் வந்தது. நீங்களும் அப்படி எத்தனையோ கேட்டுகளுக்கு வெளியே நின்றிருப்பீர்கள்.

ஒரு காலையில் ஜெயந்தி போன் செய்தாள். அவள் வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. சொசைட்டியில் பால் ஊற்றப் போன இடத்தில் சங்கீதாவைப் பார்த்தாளாம். முகம் உப்பி, கண் சின்னதாகிக் கிடந்ததாம். தலை வலிக்குது, கண் முன்னால் பூச்சி பூச்சியாகப் பறக்குது என்று சங்கீதாவே அவளிடம் சொன்னாளாம். இதெல்லாம் ஆபத்து என்று வட்டத்தில் பேசியிருந்தோம் அல்லவா, அதுதான் உடனே போன் பண்ணினேன் என்றாள் ஜெயந்தி. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனபோது இந்த முறை கேட்டைத் திறக்க வைத்துவிட்டேன். பிரஷர் எங்கேயோ எகிறிக் கிடந்தது. மாமியார், பிள்ளைத்தாச்சிக்கு முகம் வீங்குவது சகஜம்தான், சாயங்காலம் மகன் வந்துவிடுவான், அவன் வந்து முடிவு செய்யட்டும் என்றார். அவர் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டேன். உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவன் சொன்ன பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற விட்டார்.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். உள்ளங்கைக்கு அடங்குகிற ஆண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொம்ப நாள் கிடந்து பிழைத்தது. சங்கீதாவும் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை மாமியாரும் பக்கத்தில் நின்று கேட்டார். வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, உங்களுக்கு யார் சொன்னது என்று விசாரித்தார். ஜெயந்திதான் போன் செய்தாள் என்றேன், ஒரு நல்ல வார்த்தை வரும் என்ற எதிர்பார்ப்பில். அந்த அம்மாள் கேட்டார்: "அவ எப்படி எங்க பொண்ணு மொகத்த அவ்ளோ கிட்டத்துல வந்து பார்த்தா?"

மெஷின்

எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் பிடித்த நேரம், குழந்தையின் நாடித் துடிப்பைக் கேட்கிற நேரம். திரைக்குப் பின்னால் வயிற்றில் டாப்ளர் மெஷினை வைப்பேன். சத்தம் திரைக்கு இந்தப் பக்கமும் கேட்கும். குதிரை ஓடுகிற மாதிரி, நெல் மெஷின் ஓடுகிற மாதிரி என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்வாள். அடுத்தவள் குழந்தையின் சத்தத்தைக் கேட்டு இன்னொருத்தி கைதட்டுவாள். அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் ஊர், காலனி எதுவும் அந்த அறைக்குள் இருக்காது.

அன்றைக்கு ஆரோக்கியமேரி படுத்தாள். ரெண்டு நாளா அசைவு கம்மியா இருக்கு சிஸ்டர், கம்பெனில லீவு கேட்டா குடுக்கல என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டேதான் படுத்தாள். மெஷினை வைத்தேன். சத்தம் இல்லை. இடம் மாற்றினேன். இன்னும் கொஞ்சம் ஜெல் போட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்கு வாயில் வந்தது, பேட்டரி போயிருக்கும் போல என்பதுதான். ஜெயந்தியைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்து ஸ்டூலில் சாய்ந்துகொண்டு புடவையை விலக்கினாள். மெஷினை வைத்ததும் அறை முழுக்கத் துடிப்புச் சத்தம் நிறைந்துவிட்டது. ஜெயந்தி இரண்டு கையாலும் தன் வயிற்றை மூடிக்கொள்ளப் பார்த்தாள், அந்தச் சத்தம் வெளியே வரக்கூடாது என்கிற மாதிரி. ஆரோக்கியமேரி படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். நிறுத்திடுங்க."

டாக்டர் கேட்டது

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போனேன். ஸ்கேன் எடுத்து, துடிப்பு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, வலி வருவதற்கு மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் டாக்டர் நல்லவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து, சமீபத்தில் எங்கேயாவது விழுந்தாயா, வயிற்றில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டார். ஆரோக்கியமேரி பாத்ரூமில் வழுக்கியது என்றாள். நான் வாயைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் அவள் என் விரலை நசுக்கினாள்.

காரணம் அதுதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவர் போன பிறகு, சமூகநலத் துறையில் இதற்கென்று ஒரு அதிகாரி இருக்கிறார், நான் கூட வருகிறேன், எழுதிக் கொடுத்தால் போதும் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "இப்ப வூட்ல என் பெரிய பொண்ண யாரு பாத்துனு இருக்கான்னு நெனச்சிங்க சிஸ்டர்? அவருதான்."

போட்டோ

அடுத்த கூட்டம் நடந்த அன்றைக்கு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். குழு முறை எங்கள் பக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார். ஒவ்வொருத்தியும் எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், உட்கார்ந்தாள். டாப்ளர் மெஷினை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய முறையில் குழல் வைத்து என் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதிகாரி போனை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் நின்று பார்த்தார். வட்டம் அழகாக வந்திருக்கிறது என்றார். இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் காவல் இருந்த சங்கீதாவுடையது. இன்னொன்று யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். நடந்ததை நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பாவம் பாவம் என்று தலையாட்டினார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மறுபடியும் போனைத் தூக்கிப் பிடித்தார். "அந்தக் காலி நாற்காலி ரெண்டையும் எடுத்துடுங்க சிஸ்டர், போட்டோல ஆள் வரலைன்னு தெரியுது."

அன்றைக்குத் தலைப்பு தாய்ப்பால்

அதிகாரி போய், நான் தாய்ப்பால் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு ஆரோக்கியமேரி வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா கூடாதா என்று நானும் முத்துலட்சுமியும் பேசிப் பேசி, பயிற்சியில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டோம். வாசலில் அவளைப் பார்த்ததும் ஒருத்தி தன் வயிற்றின் மேல் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பயம் யாருக்கும் வரும். ஜெயந்தி எழுந்து போய், ஓரமாக எடுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்ப இழுத்து வந்து தன் பக்கத்தில் போட்டாள். பவானி இந்தப் பக்கத்திலிருந்து தன் நாற்காலியை அதை ஒட்டி நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று காட்ட நான் கையில் ஒரு துணிப் பொம்மை வைத்திருந்தேன். அதைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. நீங்க சொல்லுங்க சிஸ்டர் என்று ஆரோக்கியமேரிதான் சொன்னாள். சொன்னேன். முதல் பால், எத்தனை முறை கொடுப்பது, கட்டிக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் சொன்னேன். அவள் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து முந்தானையை விலக்கினாள். ரவிக்கைக்குள் மடித்து மடித்துத் துணி வைத்திருந்தாள், அவ்வளவும் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இப்படித்தானாம். கம்பெனிக்கும் போக முடியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. வேறு துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து ஒற்றி, இறுக்கமாகக் கட்டிவிட்டு, டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கொழந்த இல்லன்னா பாலும் வராதுன்னு நெனச்சினு இருந்தேன் சிஸ்டர். ஒடம்புக்கு யாரும் சொல்லல போல."

மூன்றாவது பெண்

ஜெயந்திக்கு சுகப்பிரசவம். அந்தக் குழுவில் எனக்கு நிம்மதி கொடுத்த ஒரே பிரசவம் அதுதான். ரத்தம் குறைவாக இருக்கிறதே என்று கடைசி வரைக்கும் பயந்துகொண்டிருந்தேன். ஊசி போட்டு, மாத்திரையை என் எதிரிலேயே விழுங்க வைத்து எப்படியோ ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும், வார்டு வாசலில் நின்ற அவள் மாமனார் மாமியார் இருவரும் உள்ளே எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார்கள். அவள் கணவர் மட்டும் இருந்தார். அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி, பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆரோக்கியமேரி அங்கே இருந்தாள். ஜெயந்திக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தையை ஒருமுறை தூக்கிப் பார்த்தாளாம், உடனே திரும்பக் கொடுத்துவிட்டாளாம். அதை ஜெயந்தி என் காதோடு சொன்னாள். மாமனார் மாமியார் போனதை நினைத்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஜெயந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஏன் மூஞ்சிய இப்படி வச்சினு இருக்கிங்க சிஸ்டர்? அதுக்குத்தான் எங்க வூட்ல ஆளுங்க இருக்காங்களே."

வில்லியனூர் பஸ்

பவானிக்கு ஆண் குழந்தை. தாய் வீட்டில் பெற்று, மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். தடுப்பூசி போடுகிற ஒரு புதன்கிழமை, குழந்தையோடு ஒரு துணிப்பையும் கொண்டு வந்திருந்தாள். ஊசி போட்ட பிறகும் கிளம்பவில்லை. கடைசி ஆள் போகிற வரைக்கும் பெஞ்சில் இருந்துவிட்டு, ஆரோக்கியமேரி அக்கா வீடு எங்கே என்று கேட்டாள். ஆரோக்கியமேரி அதற்கு முன்பே மூத்த பெண்ணை அழைத்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கம்பெனி வேன் அங்கேயும் வருமாம். நான் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன், ஏற்றி அனுப்புங்கள் என்றாள் ஆரோக்கியமேரி. ஏற்றி அனுப்பினேன். அன்று மாலை செல்போன் கடைக்காரன் சப்-சென்டருக்கு வந்து, அதே பணிவோடு, என் மனைவி எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு வாசலில் ரொம்ப நேரம் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே உட்கார்ந்திருந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து பவானியின் அப்பா வில்லியனூருக்குப் போய், பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசி, இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்று மாப்பிள்ளையை எல்லார் முன்னாலும் சொல்ல வைத்து, அவளைத் திரும்பக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். அடுத்த ஊசிக்கு அவள் வந்தபோது அதே முழுக்கைச் சுடிதார். கையைச் சுருட்டச் சொல்ல எனக்கு அன்றைக்குக் காரணம் இல்லை, ஊசி குழந்தைக்குத்தான். மறுபடியும் இங்கேயே வந்துட்டியேம்மா என்று மட்டும் கேட்டேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வந்துட்டேன் சிஸ்டர். ஆனா வில்லியனூருக்கு எந்த பஸ்சுன்னு இப்ப எனக்குத் தெரியும்."

இந்த வேலையில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று வெளியாள் யாராவது கேட்டால், பிரஷர் பார்க்கிறோம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் சகோதரிகளே, மிச்சத்தையும் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிரஷர் ஏறிவிடும்.